குதிரைப்படை வீரனின் ஒரு நாள்: பெருமைப்படுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடந்த மாதம் ஒரு மாலை, தில்லையடியில் என்னிடம் வரலாறு படிக்க வரும் தரம் 10 மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினான். வாளேந்திய குதிரை வீரர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு பாய்கிறார்கள். பின்னணியில் ஒரே முழக்கம். தமிழ் பேசும் முஸ்லிம்களின் மூதாதையர் குதிரைப்படை வீரர்கள், மதுரையையே ஆண்டவர்கள் என்று கீழே எழுத்து ஓடுகிறது.

"சேர், இது உண்மையா?"

"பாதி உண்மை."

"அப்ப மற்றப் பாதி?"

அன்று அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதினால் நல்லது என்று தோன்றியது. இந்தக் காணொளி அவனிடம் மட்டும் இல்லை. நம்முடைய எத்தனையோ வட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகள் அதைப் பார்த்து மார்பு விரிக்கிறார்கள். நம்மை வெறுப்பவர்களும் அதே காணொளியை எடுத்து "பாருங்கள், இவர்கள் வாளோடு வந்தவர்கள்" என்று பகிர்கிறார்கள். இரு சாராருமே அந்தக் குதிரைவீரன் காலையில் எழுந்து என்ன செய்தான், என்ன சாப்பிட்டான், யாரிடம் சம்பளம் வாங்கினான், இரவில் எங்கே படுத்தான் என்று கேட்பதில்லை. அதைக் கேட்டால்தான் மற்றப் பாதி தெரியும்.

குதிரைகள் வந்த வழி

புத்தளத்தில் குதிரை இல்லை. நம் தெருக்களில் திரிவதெல்லாம் கழுதைகள்தான். ஆனாலும் குதிரையின் பெயர் நம் கரையில் இருக்கிறது. வடக்கே வில்பத்துக் காட்டின் ஓரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்குக் குதிரைமலை என்று பெயர். அந்தக் கடலுக்கு அக்கரைதான் பாண்டிய நாடு. அரபிகள் அந்தக் கரையை மஃபர் என்று அழைத்தார்கள். கடந்து செல்லும் இடம் என்று பொருள். நம் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே முத்தும் கறுவாவும் துணியும் போய்வந்தன.

தமிழ் மண்ணில் நல்ல போர்க்குதிரை வளர்வதில்லை. அதனால் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரேபியக் கரையிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை இறக்கினார்கள். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகம் இந்த வணிகத்தால் செழித்தது. பாண்டியன் கொடுத்த பணத்தோடு மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையையும், நரி பரியான கதையையும் பாடசாலையில் தமிழ்ப் பாடத்தில் கேட்டிருப்போம். அரசனின் கருவூலம் குதிரைக்காகவே கடற்கரைக்குப் போன காலத்தின் நினைவு அந்தக் கதைக்குள் இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் சில கணக்குகளைத் தருகிறார். கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஃபருக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அதற்கு முந்திய ஒரு காலத்தில் மஃபர், கம்பாயத்து முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் போயின. ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் கொடுக்க வேண்டும். கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்து இந்தப் பணம் கொடுக்கப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். முஸ்லிம் வணிகர் கொண்டுவந்த அரபுக் குதிரைக்குச் சைவ, வைணவக் கோயில்களின் வருமானம் விலையாகப் போயிருக்கிறது. இன்று நாம் கற்பனை செய்யும் மதச் சுவர்கள் அன்றைய சந்தையில் அந்த இடத்தில் நிற்கவில்லை.

அந்தக் குதிரைகளோடு ஆட்களும் வந்தார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள், பழக்கத் தெரிந்தவர்கள், போரில் கூலிக்கு இறங்கத் தயாரானவர்கள். தமிழ்நாட்டு ராவுத்தர் சமூகத்தின் பெயர் குதிரைவீரர் என்ற பொருளுடைய சொல்லிலிருந்தே வருகிறது. கடலை நம்பியவர் மரைக்காயர், குதிரையை நம்பியவர் ராவுத்தர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காணொளியின் பாதி உண்மை இதுதான்.

அண்ணன் தம்பிச் சண்டை

1310ஆம் ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் இறந்தான். மகன் சுந்தரபாண்டியனே தகப்பனைக் கொன்றான் என்று வஸ்ஸாப் எழுதுகிறார். தகப்பன் இன்னொரு மகனான வீரபாண்டியனுக்கு அரசுரிமை கொடுக்க நினைத்ததே காரணம் என்கிறார். பிறகு இரு சகோதரர்களுக்கும் இடையே போர். நாடு இரண்டாகப் பிளந்தது.

இதில் முஸ்லிம்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்? இரண்டு பக்கமும் இருந்தார்கள். குதிரை வணிகர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் பாண்டிய அரசவையில் ஆலோசகராக இருந்தவர். வீரபாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் சம்பளத்துக்குப் பணியாற்றினார்கள்.

அடுத்த ஆண்டு, 1311இல், டில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி மாலிக் கபூர் இந்தச் சண்டைக்குள் புகுந்தார். சகோதரர்கள் அடித்துக்கொள்ளும் வீட்டுக்குள் வெளியார் வருவது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். வீரபாண்டியன் தப்பி ஓட, அவன் படையிலிருந்த முஸ்லிம்கள் மாலிக் கபூரிடம் சரணடைந்து உயிர் தப்பினார்கள் என்று டில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரூ எழுதுகிறார். கலிமா சொல்லத் தெரிந்ததால் பிழைத்தார்கள் என்று அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகவும் பேசுகிறார். டில்லிக்குத் திரும்பும்போது மாலிக் கபூர் 512 யானைகளையும் 5,000 குதிரைகளையும் கொண்டுபோனார் என்பது குஸ்ரூவின் கணக்கு. பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் ஒரே பருவத்தில் கைமாறிப் போயின.

அதன்பின் மஃபர் அமைதியாக இருக்கவில்லை. டில்லியின் ஆட்சி வந்தது. 1330களில் டில்லியின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் டில்லிக்கே எதிராகக் கிளம்பி மதுரையில் தனி சுல்தானானார். அவர் கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் போர்க்களத்தில் தாகம் எடுத்துத் தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்தபோது எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருடைய மருமகன் நாற்பது நாளில் கொல்லப்பட்டார். பிறகு வந்தவர் கியாஸுத்தீன் தாமகானி. இவர் ஒரு காலத்தில் டில்லிப் பிரபு ஒருவரிடம் சாதாரணக் குதிரைவீரனாக வேலை பார்த்தவர். நம் மாணவனின் காணொளி காட்ட விரும்பும் கனவு இதுதான்: குதிரைவீரன் சுல்தானாகிறான். அந்தச் சுல்தானின் பாசறையை நேரில் பார்த்து எழுதிய ஒருவர் இருக்கிறார். அவர் அங்கே போனது நம் புத்தளத்திலிருந்து.

புத்தளத்திலிருந்து பாசறைக்கு

இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து நம் கரையில் இறங்கினார். ஆரியச்சக்கரவர்த்தியின் ஊர் என்று அவர் குறிப்பிடும் "பத்தாலா" நம் புத்தளம்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மரச் சுவரும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகான ஊர் என்று எழுதுகிறார். முஸ்லிம் அல்லாத அந்த அரசருக்குப் பாரசீக மொழி தெரியும். தன் முத்துகளைக் காட்டி விருந்தினரோடு உரையாடினார். பாவா ஆதமலைக்குப் போக வேண்டும் என்று இப்னு பதூதா கேட்டதும் பல்லக்குக் கொடுத்தார். வழித்துணைக்கு நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து ஆட்களையும் அனுப்பினார். காழியாக இருந்த ஒரு முஸ்லிம், யோகிகளும் பிராமணர்களும் துணைவர, ஒரு தமிழ் மன்னனின் பல்லக்கில் மலை ஏறப் போனார்.

ஸியாரத் முடிந்து புத்தளம் திரும்பி மஃபருக்குக் கப்பல் ஏறினார். வழியில் புயலடித்துக் கப்பல் உடைந்தது. உயிர் தப்பிக் கரையேறியவரைச் சுல்தான் கியாஸுத்தீன் தன் பாசறைக்கு அழைத்துக்கொண்டார். இருவரும் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மகள்மாரை மணந்தவர்கள். நம் பேச்சில் சொன்னால் சகலன்மார். எனவே இவர் எழுதுவது எதிரியின் அவதூறு இல்லை. உறவினர் கண்ணால் கண்டது.

காலை: வாளுக்கு முன் கோடரி

பாசறையில் குதிரைவீரனின் கையில் காலையில் இருந்தது கோடரி. படை போக வேண்டிய வழி முழுக்க அடர்ந்த காடு, மூங்கிலும் நாணலும். பெரியவர் சிறியவர் என்றில்லாமல் படையில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு கோடரி கொண்டுவர வேண்டும் என்பது சுல்தானின் கட்டளை. கூடாரம் அடித்ததும் சுல்தானே குதிரையேறிக் காட்டுக்குப் போவார். காலையிலிருந்து லுஹர் வரை மரம் வெட்டுவார்கள். பிறகு சாப்பாடு வரும். அணி அணியாக வந்து சாப்பிட்டுவிட்டு மீண்டும் காட்டுக்குப் போய் மாலை வரை வெட்டுவார்கள். காணொளியில் பாய்ந்து போகும் வீரன் உண்மையில் பகல் முழுக்க விறகுவெட்டி வேலை பார்த்திருக்கிறான்.

மரம் வெட்டுவதற்கும் முன்னால் குதிரையைக் கவனித்தாக வேண்டும். நடுத்தரமான ஒரு குதிரை 350 கிலோ எடை இருக்கும். அதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 கிலோ தீவனம் வேண்டும். நம்முடையது போன்ற வெயிலில் 30 லீற்றர் தண்ணீராவது குடிக்கும். ஆயிரம் குதிரை உள்ள படை என்றால் நாளொன்றுக்கு 7,000 கிலோ தீவனம், 30,000 லீற்றர் தண்ணீர். 5,000 லீற்றர் கொள்ளும் பவுசர் ஆறு வேண்டும். இதில் மனிதருக்கும் யானைக்கும் சுமைமாட்டுக்கும் தேவையான தண்ணீர் சேரவில்லை. இந்தத் தீவனமும் தண்ணீரும் எங்கிருந்து வரும்? வழியில் உள்ள ஊரின் வயலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும்தான் வரும். படை ஒரு ஊரை எரிக்காமல் வெறுமனே இரண்டு நாள் தங்கிப் போனாலே அந்த ஊரின் வைக்கோலும் தானியமும் தீர்ந்துவிடும்.

குதிரைத் தீனியிலும் இந்த மண்ணுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வறுத்த வாற்கோதுமையும், நெய்யில் பக்குவம் செய்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் குதிரைக்குக் கொடுக்கிறார்கள் என்று வஸ்ஸாப் வியக்கிறார். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்துவிட்டு, பழக்காமலேயே ஏறி ஓட்டுகிறார்கள், கொஞ்ச காலத்தில் நல்ல குதிரையும் ஒன்றுக்கும் உதவாததாகி விடுகிறது என்கிறார். அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வந்த மார்க்கோ போலோ இன்னொரு விடயத்தைச் சொல்கிறார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இந்த நாட்டில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வருவதைக் குதிரை வணிகர்கள் விரும்பவும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் குதிரை விற்கலாம்? போர் நீள்வதால் லாபம் பார்ப்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

பகல்: மேய்ச்சலுக்குப் போன குதிரைகள்

தீவனத்தின் முக்கியத்துவத்தைக் காட்டும் ஒரு சம்பவம் உண்டு. இப்னு பதூதா வருவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன், எண்பது வயதைக் கடந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டிருந்தான். அவனிடம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட படை. மதுரைச் சுல்தானிடம் ஆறாயிரம் பேர், அவர்களிலும் பாதிப் பேர்தான் உருப்படியானவர்கள் என்கிறார் இப்னு பதூதா. கோட்டைக்குள் இருந்தவர்களின் உணவு தீரும் தறுவாயில் இருந்தது. சுல்தானின் ஆட்கள் சாகத் துணிந்தார்கள். அதற்கு அடையாளமாகத் தலைப்பாகையைக் கழற்றிக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டு, எல்லோரும் பகல் தூக்கம் தூங்கும் நேரத்தில் பாய்ந்தார்கள். வல்லாளனின் குதிரைகள் அப்போது மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வந்தவர்களைத் திருடர் என்று நினைத்து முகாம் அசட்டையாக இருந்தது. அந்தப் பெரும்படை சிதறியது. குதிரை பக்கத்தில் இல்லாத நேரத்தில் குதிரைவீரனும் வெறும் ஆள்தான்.

சிறைப்பட்ட அந்த முதியவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அவரிடமிருந்த செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் வாங்கிக்கொண்டபின் கொன்றார்கள். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டார்கள். இப்னு பதூதா போனபோதும் அது அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

அதே போரைப் பற்றிய இன்னொரு தகவலைக் காணொளி தயாரிப்பவர்கள் ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். வல்லாளனின் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்கிறார் இப்னு பதூதா. போக்கிரிகள், குற்றம் செய்தவர்கள், தப்பி வந்த அடிமைகள் என்று அவர்களைத் திட்டுகிறார். எண்ணிக்கை எப்படி இருந்தாலும் ஒன்று தெளிவு. அன்று கொப்பத்தில் இரண்டு பக்கமும் நம்மவர் இருந்தார்கள்.

சம்பளம்: குதிரை போனால் பிழைப்புப் போச்சு

ஏன் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பதற்குச் சம்பளக் கணக்கில் விடை இருக்கிறது. அலாவுத்தீன் கில்ஜியின் காலத்து டில்லியில் குதிரைவீரனின் ஆண்டுச் சம்பளம் 234 தங்கா என்று வரலாற்றாசிரியர் பரனீ எழுதுகிறார். இரண்டாவது குதிரை வைத்திருந்தால் மேலும் 78 தங்கா. முதல்தரக் குதிரையின் விலை 100 முதல் 120 தங்கா. அதாவது அரை வருடச் சம்பளம். வேறு குதிரையைக் காட்டி ஏமாற்றாமல் இருக்கக் குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்தார்கள். வீரனின் அங்க அடையாளங்களையும் பதிவு செய்தார்கள்.

மாணவனுக்கு இதை முச்சக்கர வண்டியை வைத்துத்தான் விளக்கினேன். லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்து ஓட்டும் ஒருவர் அந்த வண்டியை எப்படிப் பார்ப்பார்? அதுதான் அவருடைய சோறு. குதிரைவீரனுக்குக் குதிரை அப்படித்தான். குதிரை நொண்டினால் வேலை போச்சு. சம்பளம் கொடுத்த அரசன் தோற்று ஓடினால் அடுத்த சம்பளத்துக்கு ஆள் தேட வேண்டும். வீரபாண்டியனின் முஸ்லிம் வீரர்கள் மாலிக் கபூரிடம் போனதையும், மற்றவர்கள் வல்லாளனிடம் போனதையும் துரோகம், வீரம் என்ற சொற்களால் அளந்தால் ஒன்றும் விளங்காது. பெரும்பாலானவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள். மார்க்கத்துக்காக நடந்த போர் இது என்று இன்று பெயர் சூட்டுவது நம் வேலை. அவர்களுடைய வேலை குதிரையை உயிரோடு வைத்திருப்பது.

இரவு: நாணல் கட்டும் தீயும்

மாலையானதும் வெட்டிய மரத்தால் பாசறையைச் சுற்றி வேலி எழுப்புவார்கள். அதற்கு நான்கு வாசல். சுல்தானின் கூடாரத்தைச் சுற்றி இரண்டாவது வேலி. வெளிவேலிக்கு அப்பால் அரை ஆள் உயரத் திண்ணைகள் அமைத்து இரவு முழுக்கத் தீ வளர்ப்பார்கள். அங்கே விழித்திருப்பவர்கள் அடிமைகளும் காலாட்களும். ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டு மெல்லிய நாணல். இரவில் எதிரி வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் நாணலைக் கொளுத்துவார்கள். இடமே பகலாகிவிடும். அந்த வெளிச்சத்தில் குதிரைவீரர்கள் துரத்திப் போவார்கள்.

அப்படி உடனே கிளம்ப வேண்டுமானால் குதிரையைத் தூரத்தில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அரைத் தூக்கம்தான் தூக்கம். தொழுகையும் போர்க்களத்தில் முறை வைத்துத்தான் நடக்கும். ஒரு சாரார் தொழ மற்றச் சாரார் காவல் நிற்கும் அச்சநேரத் தொழுகையை நம் மத்ரஸாப் பிள்ளைகள் பாடமாகப் படித்திருப்பார்கள்.

வாளை விட நோய் அதிகம் பேரைக் கொண்டுபோனது. இப்னு பதூதா மதுரைக்குப் போனபோது அங்கே கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். அவரும் கடும் காய்ச்சலில் விழுந்தார். ஒரு இறாத்தலளவு புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போய், அல்லாஹ்வின் அருளால் பிழைத்ததாக எழுதுகிறார். சுல்தானின் மகனும், சுல்தானும் பிழைக்கவில்லை.

முளைகளைச் சுமந்தவர்கள்

இதுவரை சொன்னது குதிரையின் மேல் இருந்தவனின் கதை. மாணவனிடம் இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். பிறகு சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாதியைச் சொல்லி வளர்த்தால் மற்றப் பாதியை வேறு யாராவது நஞ்சு கலந்து சொல்வார்கள்.

காடு வெட்டும்போது அகப்பட்ட ஊர் மக்களைச் சுல்தானின் படை பிடித்தது. இரு முனையும் கூராக்கிய மர முளைகளை அவர்கள் தோளிலேயே ஏற்றிச் சுமக்க வைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் கூடவே இழுத்து வரப்பட்டார்கள். காலையில் அவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்து, பாசறையின் நான்கு வாசல்களிலும், அவர்கள் சுமந்து வந்த அதே முளைகளில் ஏற்றிக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கூட விடவில்லை. பிறகு கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த காட்டை வெட்டப் போனார்கள். இதுவும் பாசறையின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது.

ஒரு நாள் இப்னு பதூதா சுல்தானோடு உணவு விரிப்பில் இருந்தார். வலப்பக்கம் காழி, இடப்பக்கம் இவர். ஒரு மனிதனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்தார்கள். சுல்தான் கையசைத்தார். மூவரின் தலையும் வெட்டப்பட்டன. தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்ததாகவும் இப்னு பதூதா எழுதுகிறார். இன்னொரு முறை அப்படி நடக்கப் போவது தெரிந்ததும் அஸர் தொழப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டார். சுல்தானுக்குக் காரணம் புரிந்து சிரித்தார்.

இவற்றை எழுதியவர் முஸ்லிம், காழி, அந்தச் சுல்தானின் சகலன். வல்லாளன் மீது பெற்ற வெற்றியைப் பெருமையாக எழுதியவரும் அவரே. ஆனாலும் இந்தக் கொலைகளை அருவருப்பான செயல் என்றும், வேறெந்த அரசனும் இப்படிச் செய்து தான் அறிந்ததில்லை என்றும், இதனால்தான் அல்லாஹ் அவனுக்கு மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பு எழுதினார். பெண்களை, பிள்ளைகளை, முதியவர்களைக் கொல்லாதீர்கள், கனி தரும் மரத்தை வெட்டாதீர்கள் என்று கலீபா அபூபக்ர் (ரலி) தம் படைக்கு இட்ட கட்டளை அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அளவுகோலால் தன் உறவினரையே அளந்தார். ஆனால் சுல்தான் உயிரோடு இருந்தபோது அவர் விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார், வாய் திறக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

தில்லையடியில் இருந்து பார்த்தால்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கு. நானும் அப்படி வந்த ஒரு பிள்ளை. மன்னாரிலிருந்து படகில் வந்து கல்பிட்டியில் இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. கிடுகுக் கொட்டிலில் படுத்ததும், ஒரு வாளித் தண்ணீருக்காக உம்மாவோடு வெயிலில் வரிசையில் நின்றதும் நினைவில் இருக்கின்றன. இந்த ஊர்ச் சனங்கள் சோறு பொதி கட்டிக் கொண்டுவந்து கொடுத்ததும் நினைவில் இருக்கிறது. போர் என்றால் எனக்கு நினைவு வருவது துப்பாக்கிச் சத்தத்தை விட அந்த வாளி வரிசைதான்.

அதனால்தான் 680 ஆண்டுக்கு முந்திய அந்தப் பாசறையைப் படிக்கும்போது என் கண் குதிரைக்கு மேல் போகவில்லை. கிணற்றை வற்றவைத்துவிட்டுப் படை போனபின் அந்த ஊர்ப் பெண் தண்ணீருக்கு எங்கே போனாள் என்றுதான் யோசிக்கிறேன். முளையைச் சுமந்து நடந்தவனின் பக்கத்தில் நடந்த பிள்ளையை யோசிக்கிறேன். அவர்கள் நம் மார்க்கத்தவர் இல்லை. ஆனால் அவர்கள் பட்டது நமக்கு அந்நியமானது இல்லை. அகதியாகி வந்த ஒரு சமூகம் குதிரைமேல் இருந்தவனோடு மட்டும் தன்னை அடையாளப்படுத்திக்கொள்வது எனக்குப் புரியவில்லை.

நம் மூதாதையர் பற்றி வெட்கப்படச் சொல்லவில்லை. காயலுக்குக் குதிரை கொண்டுவந்த வணிகரின் துணிவு பெருமைக்குரியது. முத்துக் குளித்தவர், கப்பல் கட்டியவர், தமிழில் மார்க்கம் எழுதியவர் எல்லோரும் நம் முன்னோர்தான். குதிரைவீரனும் நம் முன்னோராக இருக்கலாம். அவனை மரம் வெட்டிக் களைத்தவனாக, கடனில் குதிரை வைத்திருந்தவனாக, அரைத் தூக்கத்தில் கிடந்தவனாக, சில நேரம் பெரும் பாவத்துக்குத் துணை போனவனாக, உள்ளபடியே அறிந்துகொள்வோம். அப்படி அறிந்த பிள்ளையிடம் யாராவது வந்து "நீங்கள் வாளோடு வந்தவர்கள்" என்று குற்றம் சாட்டினால் அவன் பதறமாட்டான். இரண்டு பக்கமும் எல்லா மதத்தவரும் இருந்தார்கள், நடந்த அநியாயத்தை அநியாயம் என்று முதலில் எழுதியவர் எங்கள் காழி ஒருவர் என்று நிதானமாகப் பதில் சொல்வான்.

அதோடு, சில மாத இடைவெளியில் அதே இப்னு பதூதா இந்தப் புத்தளத்தில் கண்டதையும் சொல்வான். அரசனின் பல்லக்கையும் முன்னால் நடந்த யோகிகளையும் பற்றி எந்தக் காணொளியும் இதுவரை என் கைத்தொலைபேசிக்கு வரவில்லை. அதில் வாள் இல்லை என்பதால் யாரும் பகிரவில்லை போலும்.

மாணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த ஏழு வயசுப் பிள்ளைக்குப் பேர் என்ன சேர்?" என்று கேட்டான்.

பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன். அவன் கைத்தொலைபேசியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். இருவரும் பள்ளிவாசலுக்கு நடந்தோம்.